தேரிக்குளத்தில் கரண்டு போன காலை

சுயம்புக்கனி புருஷனை விட்டுப் போன மறுநாள் காலை, சங்கு ஊதியதும், அவன் வீட்டு அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றாள். முந்தின இரவு அவள் படுத்தது உடன்குடியில், அக்காள் வீட்டில். தேரிக்குளத்துக்காரர்கள் எங்கே படுத்தார்கள் என்பதை வைத்து எங்கே விழிப்பார்கள் என்று சொல்ல முடியாது. பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் இருக்கிற சிப் என்ன சொல்கிறதோ அங்கேதான் விழிப்பார்கள்.

அந்தச் சிப் கட்டைவிரல் நகம் அளவுதான். பென்டிரைவிலும் போனிலும் இருக்கிற பிளாஷ் மெமரி ஜாதி. பகல் முழுக்க ஊரில் நடப்பது அதில் எழுதப்படும். மறுநாள் உப்பளத்துச் சங்கு ஊதும்போது ஊர் அதிலிருந்து வாசிக்கப்படும். வாசித்தபடி அவரவர் அவரவர் இடத்தில் இருப்பார்கள். ஊர் எல்லை பஸ் ஸ்டாப்போடு முடிகிறது. அதற்கு அப்பால் நடப்பதைச் சிப் எழுதுவதில்லை. மற்ற ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்களோ தெரியாது. தேரிக்குளத்துக்காரர்களுக்கு அடுத்த ஊர்க் கதை பேசும் பழக்கம் இல்லை, அல்லது இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள்.

சிப்புக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு புரோகிராம் நிற்கிறது. எழுதக் கொடுப்பதை வாங்கி உள்ளே எழுதுவதும், கேட்டதை உள்ளே போய் எடுத்துவந்து கொடுப்பதும் அதன் வேலை. டிரைவர் என்று அதற்குப் பெயர். அதைப் பராமரிக்கிற உத்தியோகம் சுயம்புக்கனிக்கு. சென்னையில் மெமரி கார்டு செய்கிற கம்பெனி ஒன்றில் இதே வேலை பார்த்தவள். லிங்கதுரைக்கு வாழ்க்கைப்பட்டுத் தேரிக்குளம் வந்ததும் பஞ்சாயத்து அவளைப் பிடித்துப் போட்டுக்கொண்டது.

லிங்கதுரை கருப்பட்டி மொத்த வியாபாரி. கெட்டவன் என்று சொல்ல நாக்கு வராது. குடி இல்லை, கை நீட்டியதில்லை, ஊரில் தங்கமான பிள்ளை என்று பெயர். அவனிடம் ஒரே ஒரு வழக்கம் உண்டு. சுயம்புக்கனியைப் பார்த்து யார் என்ன கேட்டாலும் பதிலை அவன் சொல்வான். கல்யாணமான புதிதில் அவள் எதற்கு என்ன சொன்னாளோ அந்தப் பதிலையே சொல்வான். புதுப்பெண்ணாக வந்த வாரம் வயிறு சரியில்லாமல் பலாச்சுளை வேண்டாம் என்றிருந்தாள். அவ்வளவுதான், கனி பலாப்பழம் தொட மாட்டாள் என்று முடிந்துபோயிற்று. அவளுக்குப் பலாப்பழம் என்றால் உயிர். வருஷா வருஷம் சீசனில் வீடு முழுக்க அந்த வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டு இருந்தாள்.

ஒரு நாள் சென்னைக் கம்பெனியிலிருந்து லிங்கதுரைக்குப் போன் வந்தது. கனி மறுபடி வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். அவள் இட்லி மாவுக் கையோடு பக்கத்தில்தான் நின்றாள். லிங்கதுரை பதவிசாக, "அவளுக்கு இஷ்டமில்ல சார்," என்று சொல்லிவிட்டான். "எனக்கு இஷ்டம்," என்றாள் சுயம்புக்கனி. அதற்குள் போன் அவன் சட்டைப்பைக்குள் போயிருந்தது.

அவள் மதியச் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தாள். கட்டைப்பையில் துணிமணியை அடுக்கினாள். சிப்புக்குக் கரண்டு கொடுக்கிற பேட்டரியைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை; அந்த அறைச் சாவி அடுப்படி ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சாயத்துத் தலைவர் தவசிக்கனியிடம் ஒப்படைத்தாள். பிறகு நடுத்தெருவில் நின்று, நான் இவரை விட்டுப் போகிறேன் என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். பார்த்துப் போ என்றது தெரு. சிப்பும் அதை எழுதிக்கொண்டது. அவள் உடன்குடி பஸ் ஏறினாள்.

மறுநாள்தான் இந்தப் பால்.

லிங்கதுரை பல் விளக்கிவிட்டு வந்து, பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வந்துட்டியா," என்றான்.

"நான் வரல. கொண்டாந்து நிறுத்தியிருக்கு."

"எப்பிடியோ, இருக்கல்லா," என்று சொல்லிவிட்டுக் காப்பிக்குக் கை நீட்டினான்.

அவள் அடுப்பை அணைத்தாள். கட்டைப்பை எடுத்தாள், சாவியைக் கொடுத்தாள், தெருவில் சொன்னாள், பஸ் ஏறினாள். அதற்கு மறுநாளும் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஆணியில் சாவி தொங்கியது.

அழுகிற ஜாதி இல்லை சுயம்புக்கனி. ஆனால் எரிச்சல் வந்தது, நிறையவே வந்தது. ஒரு நாள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு போனாள். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போனாள். காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு நாள் வந்த கோபத்தில் செருப்பு மாட்ட மறந்து, தோசைக் கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்து, கரண்டியும் கையுமாகவே போனாள். எப்படிப் போனாலும் தெரு பார்த்துப் போ என்றது. எப்படிப் போனாலும் காலையில் அடுப்படி. லிங்கதுரைக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. சாயங்காலத்தில் யாராவது வந்து கனி எங்கே என்று கேட்டால், உள்ளே இருக்கிறாள் என்பான். காலையில் இருந்தாளே.

கடைசியில் அவள் மாடி ஏறிச் சிப்பையே திறந்து பார்த்தாள். டிரைவரைக் கேட்காமல் நேராக உள்ளே பார்க்க அவளுக்கு வழி தெரியும். உள்ளே எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது: சுயம்புக்கனி லிங்கதுரையை விட்டுப் போனாள், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். ஒரு எழுத்துப் பிசகில்லை. அதையே டிரைவரிடம் கேட்டாள். சுயம்புக்கனி லிங்கதுரையின் மனைவி, அடுப்படியில் பால் காய்ச்சுகிறாள் என்று பளிச்சென்று பதில் வந்தது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். தேரிக்குளத்தில் சட்டியில் இல்லாததும் அகப்பையில் வந்துகொண்டிருந்தது.

காரணம் புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. தேரிக்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு: வந்தவரை வாசலில் காக்க வைக்கக் கூடாது. அண்ணாச்சி இருக்காங்களா என்று யாராவது கேட்டால், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வது அங்கே மரியாதைக்குறைவு. இருக்காங்க, உக்காருங்க என்று உடனே சொல்லிவிட வேண்டும். பிறகு கருப்பட்டிக் காப்பி வரும், முறுக்கு வரும், மழை பற்றிப் பேச்சு வரும். அண்ணாச்சி உண்மையில் இருந்தாரா என்பது கடைசியில் யாருக்கும் பெரிதாகப் படாது. இந்த டிரைவரை முதலில் எழுதிய எட்வின் துரைச்சாமி இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். மனிதர் தாம் வளர்ந்த விதத்தைத்தான் புரோகிராமாக எழுதியிருந்தார். யாராவது எதையாவது ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தப் பதிலின் பிரதி ஒன்றை டிரைவர் வாசல் பக்கமாகவே வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை கேட்பவருக்கு அதையே எடுத்து நீட்டிவிடும். கேச் என்று அதற்குப் பெயர். எல்லா டிரைவரும் செய்கிற காரியம்தான். ஆனால் உள்ளே புதிதாக ஒன்றை எழுதியதும் வாசலில் இருக்கிற பழைய பிரதியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தேரிக்குளத்தில் ஒரு பழைய சைக்கிள் டயரைக்கூட யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். எட்வினும் போடவில்லை.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். இந்த ஜாதிச் சிப்பில் ஒருமுறை எழுதியதன் மேலேயே திருத்தி எழுத முடியாது. புதியதைப் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழைய பக்கத்தில் செல்லாது என்று குறி போட வேண்டும். அவள் ஒவ்வொரு முறை புறப்பட்டபோதும், இவள் இதற்கு முன் புறப்பட்ட பக்கம் ஏதாவது உண்டா என்று வாசலில்தான் விசாரித்திருக்கிறது டிரைவர். வாசல், இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஆகவே எந்தப் பக்கத்திலும் குறி விழவில்லை. ஒவ்வொரு புறப்பாடும் முதல் புறப்பாடாக, முழுச் செல்லுபடியோடு, வரிசையாக எழுதப்பட்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் போனது வீண் இல்லை என்று மட்டும் அப்போது தோன்றியது.

திருத்தம் ஒரே வரிதான். எழுதி முடித்ததும் வாசல் பிரதியைத் தூக்கிப் போடு. எழுதிச் சேர்த்தாள், கேட்டுப் பார்த்தாள். டிரைவர் முதல்முறையாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவள் போய்விட்டாள் என்று சொன்னது. அன்று பஸ் ஸ்டாப்பில் உடன்குடி பஸ்ஸுக்கு நிற்கும்போதே அவள் பலாச்சுளை வாங்கித் தின்றாள்.

காலையில் பால் பொங்கியது.

டிரைவரும் அந்தச் சிப்பில் எழுதப்பட்ட ஒன்றுதான் என்பதை அவள் யோசிக்காமல் விட்டுவிட்டாள். சங்கு ஊதும்போது டிரைவர் எது என்று கேட்டால், வாசலில் இருந்த பழைய டிரைவர் நான்தான் என்று சொல்லி வந்து நின்றிருந்தது. புது டிரைவர் உள்ளே பத்திரமாக இருந்தது, கூப்பிட ஆளில்லாமல். சுயம்புக்கனிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அன்றைக்குத்தான் கரண்டியோடு போனது என்று சிலர் சொல்கிறார்கள். அது வேறு நாள்.

வாசலில் இருப்பது கரண்டு இருக்கும்வரைதான் இருக்கும். சிப்புக்கு அந்தக் கவலை இல்லை. கரண்டு போனாலும் அது எழுதியதை விடாது. ஒரு நொடி நிறுத்தினால் போதும், வாசல் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். ஆனால் தேரிக்குளத்தில் கரண்டு போவதில்லை. தவசிக்கனி தலைவராக வந்த முதல் வருஷமே சிப் அறைக்குப் பக்கத்தில் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, மின்தடை இல்லாத ஊர் என்று நுழைவாயில் வளைவில் பெரிதாக எழுதி வைத்துவிட்டார். தென்பாண்டிச் சீமையே இருண்டு கிடந்த புயல் ராத்திரியில்கூட அந்த வளைவில் பல்பு எரிந்தது. அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அவரிடமே போனாள். நிறுத்த அனுமதி வேண்டும் என்று கேட்டாள்.

தவசிக்கனி கோபப்படுகிறவர் இல்லை. நாற்காலி போடச் சொல்லி, காப்பி வரவழைத்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கரண்டை நிறுத்தினால் ஊரில் என்னென்ன இல்லாமல் போகும் என்று நிதானமாகச் சொன்னார். கீழத்தெருக் கிணறு உப்பாகி வருஷமாகிறது. ஆனாலும் காலையில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊறுகிறது, வாசலில் அது இன்னும் நல்ல கிணறாக இருப்பதால். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை வெட்டியாயிற்று. ஆனாலும் காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகளுக்கு நிழல் இருக்கிறது. மரம் வெட்டுகிறவன் தினமும் மத்தியானம் வந்து அதை மறுபடி வெட்டிவிட்டுப் போகிறான். அவனுக்குக் கை வலிக்கிறது என்பது உண்மைதான்.

"நானும் அதுல ஒருத்தன்தான், கனி. எலெக்‌ஷன்ல பேச்சித்தாய்தான் ஜெயிச்சா. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனா காலையில நான் இந்த நாற்காலியில இருக்கேன், அவ இட்லிக் கடையில இருக்கா. ஊரே இது போதும்னு இருக்கு. ஒருத்திக்குப் பிடிக்கலேன்னா நிறுத்த முடியுமா?"

"எனக்குப் பிடிக்கலேங்கிறதும் எழுதித்தான் இருக்கு அண்ணாச்சி. ஒரு தடவ உள்ள போய்ப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டு, காப்பி ஆறுகிறது என்றார்.

அன்று மத்தியானம் மைக்கில் அறிவித்து ஊர்க்கூட்டம் போட்டார்கள். கிணற்றுக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். மரம் வெட்டுகிறவன் மட்டும் ஏதோ சொல்ல எழுந்தான், அவனை உட்காரச் சொன்னார்கள். லிங்கதுரை எழுந்து, கனிக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை, ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று விளக்கம் சொன்னான். சுயம்புக்கனி எழுந்தபோது, உன் தரப்பைத்தான் உன் வீட்டுக்காரர் சொல்லிவிட்டாரே என்றார்கள். பேட்டரியைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சிப்பும் எழுதிக்கொண்டது.

அவள் வழக்கம்போல் சாவியைக் கொடுத்துவிட்டு, தெருவில் சொல்லிவிட்டு, பஸ் ஏறினாள்.

காலையில் அடுப்படியில் நின்றபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. பால் பொங்கி வழிய விட்டு யோசித்தாள். நேற்றைய தீர்மானம் உள்ளேதான் இருக்கிறது. வாசலில் இல்லை. ஊரில் எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும். ஆனால் தேரிக்குளத்தில் ஞாபகத்துக்கு மதிப்பில்லை, வாசித்ததுதான் செல்லும். ஆகவே இன்றைய தேதியில் அவளை யாரும் எதற்கும் தடுக்கவில்லை. மறுபடி தடுக்க வேண்டுமானால் மறுபடி மைக்கில் அறிவிக்க வேண்டும், கூட்டம் கூட வேண்டும், அதற்கு மத்தியானம் ஆகிவிடும். அதுவரை அவள் பேட்டரி பராமரிக்கிறவள். அவளைத் தினமும் இழுத்துவந்து அடுப்படியில் நிறுத்துகிற அதே வாசல்தான் தினமும் ஆணியில் சாவியையும் மாட்டி வைத்துக்கொண்டிருக்கிறது. அவள்தான் பாவம் பார்த்து, ஒழுங்கு பார்த்து, தினமும் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒழுங்கை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். லிங்கதுரை பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். கனி எங்கே போறா என்று எதிர்வீட்டிலிருந்து கேட்டார்கள். அவ எங்கயும் போகல, உள்ள இருக்கா என்று அவன் நுரை வாயோடு பதில் சொன்னது, அவள் முக்குத் திரும்பும்வரை காதில் விழுந்தது.

தவசிக்கனி மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவள் கை மெயின் சுவிட்சில் இருந்தது. அவர் பின்னால் லிங்கதுரையும் மூச்சிரைக்க வந்து நின்றான். இருவரும் அவளைத் தொடவில்லை. தீர்மானம் இல்லாமல் தொடுகிற அளவுக்குத் தேரிக்குளம் கெட்டுப்போகவில்லை.

"செய்ய மாட்டா அண்ணாச்சி," என்றான் லிங்கதுரை. "எனக்குத் தெரியாதா அவள."

தவசிக்கனி அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார். வேண்டுமென்றே பயமுறுத்துகிற குரல் இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல்.

"நல்லா யோசிச்சுக்கோம்மா. கரண்டு போனா வாசல்ல இருக்கதெல்லாம் போயிரும். இன்னிக்குக் காலையில அடுப்படிக்கு வந்தவ வாசல்ல இருந்து வந்தவதான். சிப்புல இருக்கவ வேற, அவ என்னைக்கோ போயிட்டா. சுவிட்ச இறக்குனா போறது நீ."

சுயம்புக்கனி அதை யோசிக்காமல் இல்லை. படி ஏறும்போதே யோசித்திருந்தாள். சுவிட்சின் மேல் இருக்கிற இந்தக் கை, நகக்கண்ணில் இன்னும் காய்ந்திருக்கிற பால், முந்தானை முடிச்சு, இதெல்லாம் பழைய பிரதி. உள்ளே எழுதியிருக்கிறவளுக்கு இந்தக் காலை தெரியவே தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் பால் காய்ச்சுவதற்காகவே ஒருத்தியை எடுத்து எடுத்து நீட்டுவார்கள் என்றால், அந்த ஒருத்தி சொல்வதற்கும் ஒன்று இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"அவளுக்கு இதுல இஷ்டமே கிடையாது," என்று லிங்கதுரை மறுபடி ஆரம்பித்தான்.

"போறதுக்குத்தான அண்ணாச்சி இவ்வளவு நாளா நடக்கேன்," என்றாள் சுயம்புக்கனி. சுவிட்சை இறக்கினாள்.

தேரிக்குளத்தில் கரண்டு போயிற்று. மின்விசிறி ஓய்ந்தது. நுழைவாயில் வளைவில் பகலிலும் எரிந்துகொண்டிருந்த பல்பு அணைந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. சாவி மட்டும் தரையில் விழுந்து கொஞ்ச தூரம் சறுக்கிப் போய் நின்றது.

தவசிக்கனி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தலைவராகவே இருந்திருப்பார். ஆனால் அவர் கண்ணுக்கு ஜன்னல் வழியே வளைவு தெரிந்தது, வளைவில் அணைந்த பல்பு தெரிந்தது. மனிதருக்கு அதைத் தாங்க முடியவில்லை. தன் கையாலேயே சுவிட்சை மேலே தூக்கிவிட்டார்.

டிரைவர் எது என்று கேள்வி போயிற்று. வாசலில் யாரும் இல்லை. உள்ளே இருந்த டிரைவர் எழுந்து வந்தது, திருத்தின வரியோடு. அது உள்ளே போய், ஊரை முதல் பக்கத்திலிருந்து வாசித்தது.

தவசிக்கனி தூக்கிய கை தூக்கியபடி தம் வீட்டுப் புறவாசலில் முருங்கைமரத்தடியில் நின்றார். தூக்கிய கை சும்மா இறங்க வேண்டாம் என்று ஒரு முருங்கைக்காயைப் பறித்தார். பேச்சித்தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாகக் கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடச் சொன்னாள். கீழத்தெருவில் ஒருத்தி கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெயிலில் நின்று பிரார்த்தனையைச் சீக்கிரமாக முடித்தார்கள். மரம் வெட்டுகிறவன் திரும்பிப் படுத்தான்.

லிங்கதுரை வீட்டு வாசலில் நின்றான். அடுப்படியில் பால் இல்லை, அடுப்பும் பற்றவைத்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, கனி இருக்காளா என்று கேட்டார். லிங்கதுரை திரும்பினான். உள்ளே போனான். அடுப்படி, படுக்கையறை, கொல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். தேரிக்குளத்தில் யாரும் அவ்வளவு நேரம் வாசலில் நின்றதில்லை.

திரும்பி வந்து, "இல்ல," என்றான் லிங்கதுரை.

சுயம்புக்கனி பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பக்கத்தில் சுயம்புக்கனி கட்டைப்பையோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் தலை ஈரத்தோடு நின்றவளும் சுயம்புக்கனிதான். குடை பிடித்தவள், போர்வை சுற்றியவள், பலாச்சுளை பிசுபிசுக்கிற கையோடு இருந்தவள், கூட்டத்தில் பேச எழுந்து பேசாமல் போனவள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். செருப்பில்லாதவளுக்கு ஒருத்தி தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. போன ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தானே போனார்கள். போர்வைக்காரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் விட்டிருக்கிறது என்று குடைக்காரி சொன்னாள்.

ஈரத்தலைக்காரி தன் போனை எடுத்துச் சென்னைக் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இஷ்டம்," என்றாள். அந்தப் பக்கத்தில் கேட்டது. கேட்டது என்று உறுதி செய்துகொண்டு, "எத்தன பேர் வேணும் சார்?" என்றாள். வேலை மலைபோல் கிடக்கிறது, இருக்கிற எல்லாரும் வரலாம் என்று பதில் வந்தது.

பஸ் வந்தது. கரண்டிக்காரி கூட்டத்தை முந்திக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாகக் கரண்டியைப் போட்டு ஒரு சீட்டுப் பிடித்தாள். அவள் அதில் உட்காரவில்லை. எல்லாரும் ஏறி, நெருக்கி உட்கார்ந்து, நிற்கிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகும் அந்த ஜன்னலோர சீட்டில் கரண்டி மட்டும் இருந்தது. கரண்டு தானாகப் போயிருக்காது, அடுப்படியில் நின்ற ஒருத்தி சுவிட்சை இறக்கியிருக்கிறாள், அவள் மட்டும் இந்த வரிசையில் இல்லை என்பது அந்தப் பக்கமாகத் திரும்பிய ஒவ்வொருத்திக்கும் தெரிந்தது.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். கரண்டியைப் பார்த்தார்.

"இங்கன ஆள் இருக்கா?"

சுயம்புக்கனி அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. எழுந்து வந்தாள். குனிந்து சீட்டை நன்றாகப் பார்த்தாள். மேலே படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்து, மறுபடியும் பார்த்தாள். கண்டக்டர் காத்திருந்தார்.

"இருக்கு," என்றாள்.

அவர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்து, பறக்காமல் இருக்கக் கரண்டிக்கு அடியில் செருகிவிட்டு விசில் ஊதினார்.